பதினேழு கொக்கிகள்

குண்டூசிகளைக் கையால் பிடுங்க முடியாமல் ஸ்லாவ்கா குறடை எடுத்துக்கொண்டாள். மோட்டார் தொழிற்சாலையில் செப்புக் கம்பி நறுக்குகிற குறடு. லேஸ் திண்டுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் ஆயுதத்தைக் கண்டால் அவள் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க வேண்டிய தேவை செவ்வாய்க்கிழமை காலையோடு முடிந்துவிட்டது. அன்றைக்கு அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, ரேடியோவில் காலைச் செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டிருந்தாள். இன்று வியாழன். மணி ஒன்பதரை. மூன்று மணிக்கு அடக்கம்.

வெளிச்சத்துக்காகத் திண்டைக் கூடையோடு தூக்கிவந்து சமையலறை மேசையில் ஜன்னலோரமாக வைத்திருந்தாள். மரத்தூள் அடைத்த உருட்டுத் திண்டு; அதன்மேல் மாதிரித் தாள்; தாளின்மேல் நானூறு குண்டூசிகள் குத்தி நிறுத்திய வெள்ளை லேஸ். இரண்டு சாண் சதுரம். அவள் அம்மா ஒத்தீலியா காந்தார் தன் சவப்பெட்டித் தலையணைக்குத் தானே பின்னிக்கொண்டது. இரண்டு வருஷம் பின்னி, போன சனிக்கிழமைதான் கடைசி முடிச்சைப் போட்டிருந்தாள். முடிச்சு விழுந்து ஏழு நாள் ஆகும்வரை ஓர் ஊசியையும் தொடக்கூடாது என்பது, டீச்சராக இருந்தபோது லேஸ் பள்ளியில் அவள் போட்ட சட்டம். லேஸ் ஊசியில் இருந்தபடியே 'படிய' வேண்டுமாம். ஐந்தாம் நாளே பிடுங்க வேண்டியதாகிவிட்டது. சட்டம் போட்டவளே அவசரப்பட்டுவிட்டாள்.

அவசரப்பட்டவர் இன்னொருவரும் உண்டு. லேஸ் பள்ளி இயக்குநர் த்ராத்னிக். செவ்வாய்க்கிழமை பாதிரியாருக்கு முன்பே அவர்தான் தொலைபேசியில் வந்தார். ஆழ்ந்த இரங்கலை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு, அந்தக் கடைசி லேஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கறுப்பு வெல்வெட் பலகையில் பொருத்தி, மேலே ஒரு சின்ன விளக்கும் போட்டு, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அடக்கம் முடிந்ததும் பள்ளி வராந்தாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அது நிரந்தரமாக இருக்கும் என்றார். அது அம்மா தலைக்கு என்று பின்னினது என ஸ்லாவ்கா சொல்லிப் பார்த்தாள். பண்பாடு என்று ஒன்று இருக்கிறதல்லவா, மேடம், என்றார். இருக்கத்தான் செய்கிறது. பன்னிரண்டரை மணிக்குப் பலகையோடு வருவதாக முடிவாயிற்று.

பாதரசச் சுரங்கத்தை மூடியபிறகு ஊருக்குப் பெருமைப்பட மிச்சமிருந்தவை இரண்டு: லேஸும், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டையும். கொழுக்கட்டையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க முடியாது.

ஐம்பதாவது ஊசியோ அறுபதாவதோ வெளியே வந்தபோது லேஸ் வாயைத் திறந்தது.

ஸ்லாவ்கா குறடைக் கீழே வைத்தாள். குனிந்து பார்த்தாள். இந்த ஊர் லேஸ் என்பது ஒரே ஒரு மெல்லிய நாடா. அது பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போய்த் திரும்பித் தன் பக்கத்தையே உரசிக்கொண்டு வரும். உரசுகிற இடத்தில் நின்று, கொக்கி ஊசியால் ஒரு நூலை வெளியே இழுத்து, பழைய ஓரத்தோடு கோத்துவிட வேண்டும். அதைக் கொக்கி போடுவது என்பார்கள். மறந்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. குண்டூசிகள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். மறந்ததும் மறக்காததும் ஒரே அழகாக இருக்கும். ஊசியைப் பிடுங்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும். நாடாவும் நாடாவும் பிரிந்து, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

முதல் வருஷப் பிள்ளைகள் செய்கிற தப்பு. இரண்டாம் வருஷத்தில் செய்தால் காந்தார் டீச்சர் மரஸ்கேலை எடுப்பாள். மூன்றாம் வருஷத்தில் செய்தால் கத்தரிக்கோல்.

ஸ்லாவ்காவுக்குக் கத்தரிக்கோல். பதினாலு வயது, மூன்றாம் வருஷத் தேர்வு, முப்பத்தொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மாத வேலையை அம்மா ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாள், ஓர் ஓட்டை வழியாக ஆகாயத்தைப் பார்த்தாள், குறுக்கே கத்தரித்தாள், இரண்டு துண்டையும் மேசையில் வைத்து, "அடுத்தது யார்?" என்றாள். வீட்டுக்கு வந்து இரவு உணவுக்கு முட்டைக்கோசும் தொத்திறைச்சியும் வைத்தாள். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஸ்லாவ்கா அதன்பிறகு திண்டைத் தொடவில்லை. தொழிற்சாலைக்குப் போய் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்ற ஆரம்பித்தாள். முப்பத்தைந்து வருஷமாகிறது. கம்பி அவள் விரல்நுனிகளைக் காய்ப்பேற்றிக் கொட்டைப்பாக்கு ஆக்கியிருந்தது. அம்மா அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் திண்டின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதை ஒரு விரதமாகவே வைத்திருந்தாள்.

அப்படிப்பட்ட அம்மாவுக்கு ஒரு கொக்கி விட்டுப்போயிருந்தது. முதலில், சொல்லவும் வெட்கமாக இருக்கிறது, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுப்புப் பக்கம் திரும்பி ஒரு தடவை சிரித்தாள்.

அடுத்த பத்து ஊசிக்குள் இரண்டாவது ஓட்டை திறந்தது. பிறகு மூன்றாவது. மூன்றாவதில் சிரிப்பு நின்றது. பதினொன்றரைக்கு, கடைசி ஊசியும் வந்தபோது, எண்ணிப் பார்த்தாள். பதினேழு. அம்மா வாழ்நாளில் கத்தரித்த எந்தப் பிள்ளையின் லேஸிலும் இத்தனை இருந்திருக்காது.

மூன்று மணிக்கு ஊரில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அத்தனை பெண்களும் வருவார்கள். அவர்களில் மரஸ்கேலுக்குத் தப்பியவள் ஒருத்தியும் இல்லை. ஒரு கையில் கைக்குட்டையும் இன்னொரு கையில் மூக்குக்கண்ணாடியுமாக வருவார்கள். அஞ்சலி செலுத்துவதற்கு மூக்குக்கண்ணாடி தேவையில்லை. இயக்குநரோ மேலே விளக்கு வேறு போடப்போகிறார்.

ஸ்லாவ்கா கீழ்வீட்டு ரேஸ்காவைக் கூப்பிட்டாள்.

ரேஸ்காவுக்கு அறுபத்தாறு வயது. பேக்கரியில் ரொட்டி சுட்டு ஓய்வு பெற்றவள். ஒரு காலத்தில் காந்தார் டீச்சரின் வகுப்பிலேயே மிக மோசமான மாணவி என்ற பட்டம் பெற்று, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் பள்ளியை முடித்தவள். இந்த இரண்டு வருஷமாக ஸ்லாவ்கா பிற்பகல் வேலைக்குப் போனதும் மேலே வந்து அம்மாவோடு காப்பி குடிப்பது அவள் வழக்கம். அடித்த கையையே தேடிவந்து காப்பி குடிக்கிறாளே என்று ஸ்லாவ்கா தொழிற்சாலையில் கிண்டல் பண்ணியிருக்கிறாள்.

ரேஸ்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். துக்கத்துக்கென்று கறுப்பு உடை. அதன்மேல் மாவுக்கறை படிந்த ஏப்ரன். மேசையில் கிடந்த லேஸை அவள் பார்க்கவில்லை. ஸ்லாவ்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"பதினேழு."

"நான் பத்துப் பன்னெண்டுக்குள்ள இருக்கும்னு நெனச்சேன்." ரேஸ்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "கடைசி மாசம் ரொம்ப மோசமாத்தான் இருந்துச்சு."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

ரேஸ்கா ஏப்ரன் நுனியால் மேசைமேல் இல்லாத ரொட்டித்தூளைத் துடைத்தாள். "டீச்சருக்குக் கண்ணு போயி ரெண்டு வருஷமாச்சுடி. நடுவுல ஒரே கறுப்பு. ஓரத்துல மட்டும் ஏதோ நெழலாட்டம் தெரியும். நாடாவெல்லாம் விரல் தானாப் பின்னிடும், அறுபது வருஷப் பழக்கம். கொக்கிக்குத்தான் கண்ணு வேணும். தடவித் தடவிப் போடுவாங்க. சிலது விழும், சிலது விழாது. விழுந்துச்சா ரேஸ்கான்னு எங்கிட்ட கேப்பாங்க. வகுப்புலயே மக்கு நான், எனக்கென்ன தெரியும். விழுந்துச்சு டீச்சர்னுடுவேன்."

பிறகு தலைநகர் லுப்லியானாவுக்குப் போன விஷயத்தையும் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மாதா கோயிலுக்கு யாத்திரை என்று சொல்லி இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனது கண் மருத்துவரிடம். அவர் சொட்டு மருந்து விட்டு, வெளிச்சமடித்துப் பார்த்து, வயது என்ன என்று கேட்டாராம். எண்பத்திரண்டு என்றதும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

ஸ்லாவ்காவுக்கு அந்த யாத்திரை நன்றாக நினைவிருந்தது. ஈஸ்டருக்கும் அடக்கத்துக்கும் தவிரக் கோயில் வாசலை மிதிக்காத கிழவிக்குத் திடீரென்று பக்தி வந்ததைத் தொழிற்சாலை சாப்பாட்டு அறையில் நடித்தே காட்டினாள். நல்ல கைதட்டல் கிடைத்தது.

இப்போது மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாக வர ஆரம்பித்தன. போன கிறிஸ்துமஸுக்கு அவள் தனக்கென்று ஒரு சிவப்பு ஸ்வெட்டர் வாங்கினாள். வாழ்க்கையில் முதல் சிவப்பு. அதைப் போட்டுக்கொண்டு அம்மா எதிரே போய் நின்றபோது அம்மா, "என்ன, பண்டிகைக்கும் அதே சாம்பக் கலருதானா?" என்றாள். ஸ்லாவ்கா அதை அன்றைக்கே கழற்றி அலமாரியில் போட்டாள்; பிறகு எடுக்கவில்லை. சூப்பில் கீரை தூவி வைத்தால், "இதுல ஒண்ணுமே போடலியா?" என்பாள் அம்மா. ஒன்றுமே போடாத கிண்ணத்தை மறுநாள் டொக்கென்று வைத்துப் பழிவாங்கியாயிற்று. அப்புறம் அந்தப் பேப்பர். மரண அறிவிப்புப் பக்கத்தைச் சத்தமாகப் படி, உன் உச்சரிப்பு தொழிற்சாலையில் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டது, அப்படியாவது சரியாகட்டும் என்று அம்மா ஒருநாள் சொன்னாள். "நான் என்ன நீ வெச்ச வேலைக்காரியா?" என்று ஸ்லாவ்கா கேட்டாள். அம்மா பேப்பரை மடித்துவைத்தாள். அதன்பிறகு ரேடியோதான்.

இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் ஒரு குருட்டுக் கிழவி தடவித் தடவி வழி கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவையும் அது வசவு மாதிரிதான் வெளியே வந்தது. அவளுக்குத் தெரிந்த ஒரே பாஷை அது. ஸ்லாவ்காவும் ஒவ்வொன்றுக்கும் சரியான பதிலடி கொடுத்துக்கொண்டே வந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

ரேஸ்கா எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"சொன்னா நீ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போக வருவேன்னாங்க."

"அதுல என்ன தப்பு?"

"தப்புன்னு சொல்லல. வேணாம்னாங்க."

அதற்குமேல் அந்தப் பேச்சில் ஒன்றும் இல்லை. மணி பதினொன்றே முக்கால்.

மறுபடி ஊசி குத்திப் பின்னுவது நடக்காது. அது இரண்டு மாத வேலை. லேஸ் காணாமல் போய்விட்டது என்று சொன்னால் த்ராத்னிக் போலீஸைக் கூப்பிடுவார். அவ்வளவு பண்பாடு அவரிடம் இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமே என்றாள் ரேஸ்கா. கண் தெரியாமலேயே இவ்வளவு பின்னியிருக்கிறாள் என்றால் ஊரே கும்பிடுமே.

ஸ்லாவ்கா அதைக் கண்முன்னே பார்த்தாள். இயக்குநர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைக்கைத் தட்டுவார். 'இருளில் பூத்த வெண்மலர்' என்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அட்டை எழுதி வைப்பார். வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து பதினேழு ஓட்டைகளையும் குச்சியால் காட்டி, பார்த்தீர்களா, பாவம், என்பார்கள். பாவம் என்ற சொல்லை அம்மாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. அந்தச் சொல் தன்னை நெருங்காமல் இருக்கத்தான் அவள் பெற்ற மகளையே இரண்டு வருஷம் ஏமாற்றினாள்.

"அது கூடாதுக்கா," என்றாள்.

"அப்ப ஊசியால தச்சிடுவோம். நான் தைக்கிறேன். யாருக்கும் தெரியாம மெல்லிசா போட்டுடலாம்."

விட்ட கொக்கியை ஊசியால் பின்னாலிருந்து தைத்து மூடுவதைக் கோழைத் தையல் என்பாள் காந்தார் டீச்சர். தப்புச் செய்தவளைக் கத்தரிக்கோலோடு விட்டுவிடுவாள். கோழைத் தையல் போட்டவளைப் பள்ளியைவிட்டே அனுப்பிவிடுவாள். அப்படிப் போன மூன்று பேரின் பெயர் ஊருக்கு இன்றும் தெரியும். அவர்களில் ஒருத்தி நகரசபைத் தலைவியாகக்கூட வந்துபார்த்தாள்; பேர் மாறவில்லை.

"எவ்வளவு மெல்லிசாப் போட்டாலும், அம்மா எடத்துக்கு டீச்சரா வந்த யோஹாங்கா கண்டுபிடிச்சிடுவா," என்றாள் ஸ்லாவ்கா. "அப்புறம் டீச்சரே கோழைத் தையல் போட்டாங்கன்னு ஆயிடும். ஓட்டையே பரவால்லன்னு ஆயிடும்."

இரண்டு பேரும் லேஸைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே யாரோ அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். ஸ்லாவ்கா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் பட்டன் தைக்கிற நூல்கண்டையும், இருப்பதிலேயே தடித்த ஊசியையும் எடுத்துவந்தாள்.

"கோத்துக் குடுங்க. எனக்கு ஊசிக் காது தெரியல."

"என்னடி பண்ணப்போற?"

"நான் தைக்கிறேன். பார்த்தாலே என் கைன்னு தெரியணும்."

ரேஸ்காவுக்குப் புரியச் சிறிது நேரமாயிற்று. புரிந்ததும் நூலை எச்சில் தொட்டுக் கோத்துக் கொடுத்தாள். ஸ்லாவ்கா மோட்டாருக்குக் கம்பி இறுக்குவது போல இறுக்கினாள். முதல் ஓட்டை மூடி, அந்த இடத்தில் ஒரு குட்டி மிளகு அளவுக்கு முடிச்சு எழுந்து நின்றது. சுற்றியிருந்த நாடா வலியில் முகம் சுளிப்பது போலச் சுருங்கியது. இரண்டாவது இன்னும் மோசம். மூன்றாவதில் ரேஸ்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனாலும் நூலை மட்டும் ஒவ்வொரு தடவையும் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். அப்படிக் கோப்பதில் மட்டும் அந்த மிக மோசமான மாணவிக்கு ஒரு தடவைகூடக் குறி தப்பவில்லை.

ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவில் ஸ்லாவ்கா ஊசியை நிறுத்தினாள். அம்மாவின் நாடாவை அவள் இவ்வளவு அருகில் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது. ஓட்டைகளை விட்டுவிட்டுப் பார்த்தால் மற்ற இடமெல்லாம் ஒரு நூல்கூட விலகவில்லை. ஒரே இறுக்கம், ஒரே மூச்சு. கண் தெரிகிற எவளாலும் முடியாது.

"நிறுத்தாதடி," என்றாள் ரேஸ்கா. "மணியாகுது."

பதினாறு முடிந்து பதினேழில் இருந்தபோது த்ராத்னிக் வந்துவிட்டார். பலகையைத் தூக்கிக்கொண்டு ஓர் ஓட்டுநர் பின்னால் வந்தான். கறுப்பு வெல்வெட்டுக்குக் கீழே பித்தளைத் தகடு. அதில் அம்மாவின் பெயரைவிடப் பள்ளியின் பெயர் பெரிதாகவும், நன்கொடையாகத் தகடு செய்துகொடுத்த கடையின் பெயர் அதைவிடத் தெளிவாகவும் பொறித்திருந்தது. இயக்குநர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷ மௌனத்துக்குத் தயாரானார். பத்து வினாடியில் மேசை அவர் கண்ணில் பட்டது.

என்ன இது என்று கேட்டார். ஸ்லாவ்கா கடைசி முடிச்சை இறுக்கி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஊசியைக் கழற்றும்போது கிழிச்சுட்டேன் சார். குறடால புடுங்கினேன். அப்புறம் தச்சுட்டேன்."

குறடு அங்கேயே கிடந்தது. த்ராத்னிக் அதைப் பார்த்தார், லேஸைப் பார்த்தார், மறுபடி குறடைப் பார்த்தார். காந்தார் டீச்சர் செத்ததற்கு வராத கண்ணீர் அவருக்கு இப்போது நிஜமாகவே வந்தது. இதைப் பள்ளியிலிருந்து யாரையாவது அனுப்பிக் கழற்றச் சொல்லியிருக்கலாமே என்றார். உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்றார். ஆண்டறிக்கைக்குப் புகைப்படம்கூட ஏற்பாடு செய்திருந்ததாகச் சொன்னார். கடைசியில் குரல் உடைந்து, "இது உங்க அம்மா சொத்து இல்ல மேடம், தேசத்தோட சொத்து," என்றார்.

"தேசம் இதுல தலை வெச்சுப் படுக்கப்போறதில்ல சார்," என்றாள் ஸ்லாவ்கா. "அம்மாதான் படுக்கப்போறாங்க."

பலகை கீழே இறங்கிப் போனது. வாசல் கதவில் ஒரு மூலை இடித்துத் தகடு கீறிற்று. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்கிற சத்தம் படிக்கட்டில் ரொம்ப நேரம் கேட்டது.

கல்லறைத் தோட்டத்துச் சவ மண்டபத்தில் இரண்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஸ்லாவ்காவே அம்மாவின் தலையைத் தூக்கி லேஸை அடியில் விரித்தாள். தலை அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. வெள்ளை முடிக்கு இரண்டு பக்கமும் லேஸ் தெரிந்தது, முடிச்சுகளும் தெரிந்தன. காதுக்குப் பக்கத்தில் மட்டும் நான்கு.

பெண்கள் வரிசையாக வந்தார்கள். புனித நீர் தெளித்தார்கள், சிலுவை போட்டார்கள், குனிந்தார்கள். குனிந்தவர்கள் எழ நேரமாயிற்று. மூக்குக்கண்ணாடிகள் வெளியே வந்தன. வரிசை முன்னால் நகர நகர ஒரு மௌனம் பின்பக்கமாகப் பரவிக்கொண்டே போனது. ஒரு காலத்தில் வகுப்பறையில் கத்தரிக்கோலை எடுக்கும்போது விழுந்த அதே மௌனம். அதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் அங்கே நின்றவர்கள் எல்லோரும்.

கடைசியில் யோஹாங்கா வாயைத் திறந்தாள். அம்மாவுக்கு அடுத்து டீச்சராக இருந்து, அம்மாவை விட்டால் ஊரில் தான்தான் என்று நம்புகிறவள். "யார் வேலை இது?"

"என்னோடது. கழற்றும்போது கிழிஞ்சிடுச்சு. தச்சேன்."

"உங்கம்மா இப்ப எழுந்து வந்து ஒன்ன அறையணும்."

"ஆமா."

பதினாலு வயசிலேயே இப்படித்தானே என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இன்னொருத்தி, நல்லவள், பள்ளியில் ஸ்லாவ்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள், கிட்டே வந்து முழங்கையைத் தொட்டாள். மற்றவர்கள் சொன்னதெல்லாம் ஒரு பக்கம். அவள் கேட்டது ஒரு பக்கம்.

"ஸ்லாவ்கா, அம்மா மேல இன்னும் அவ்வளவு கோவமா ஒனக்கு?"

ரேஸ்கா வாயைத் திறந்தாள். ஸ்லாவ்கா அவள் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். ரேஸ்கா வாயை மூடிக்கொண்டு, முகத்தைக் கைக்குட்டையில் புதைத்துக்கொண்டாள். டீச்சர்மேல் அவளுக்கு எவ்வளவு பாசம் என்று பக்கத்தில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மூன்று மணிக்குச் சுரங்கத்து பேண்டு வாசித்தது. சுரங்கம் இல்லாவிட்டாலும் பேண்டு இருந்தது. தொப்பியில் இறகுகூட இருந்தது. குழிக்கரையில் த்ராத்னிக் நான்கு பக்கம் பேசினார். பலகைக்கென்று எழுதிவைத்த பத்தியை நீக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை போலும். "கடைசி மூச்சுவரை ஒரு கொக்கியைக்கூடத் தவறவிடாத அந்தக் கழுகுக் கண்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்தார். பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அது உண்மை; அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பிறகு எல்லோரும் சேர்ந்தாற்போல ஸ்லாவ்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்லாவ்காவும் தலையை ஆட்டினாள். மண் ஈரமாக இருந்ததால் முதல் பிடி கையிலேயே ஒட்டிக்கொண்டது. உதறித்தான் போட வேண்டியிருந்தது.

அடக்கச் சாப்பாட்டுக்கு விடுதியில் சூப்பும் கொழுக்கட்டையும் சொல்லியிருந்தாள். எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். காந்தார் டீச்சரின் கொடூரங்களை ஒவ்வொருத்தியாகப் பெருமையோடு எடுத்துவிட்டார்கள். யாருக்கு அதிக அடி என்று போட்டியே நடந்தது. நீள மேசையின் ஒரு முனையில் ஸ்லாவ்கா உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இந்தப் பக்கம் ரேஸ்கா. அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள் காலி. பரிமாறுகிறவள் அங்கே வைத்துவிட்ட மூன்று கிண்ணங்களிலும் சூப்பு ஆறி ஆடை கட்டியது.

வெளியே வந்தபோது ரேஸ்கா, "இன்னைக்கு எங்க வீட்ல படுத்துக்கயேன்," என்றாள்.

"வேணாங்க்கா."

"அம்மா மாதிரியே பேசுற."

ஸ்லாவ்கா வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றினாள். நவம்பர் என்பதால் ஆறு மணிக்கே நன்றாக இருட்டியிருந்தது. சமையலறை மேசையில் திண்டு வெறுமையாகக் கிடந்தது. மாதிரித் தாளில் நானூறு துளைகள். அதைக் கூடையோடு தூக்கிக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். ஜன்னலோரத்தில் அம்மாவின் நாற்காலி, அதன் எதிரே முக்காலி, முக்காலிக்கு மேலே கழுத்தை வளைத்து நிற்கிற விளக்கு. கூடையை முக்காலியில் வைத்துவிட்டு விளக்கின் பொத்தானை அழுத்தினாள்.

எரியவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். பிளக்கைப் பிடுங்கிச் செருகினாள்.

பிறகு மூடிக்குள் கையை விட்டு பல்பைத் திருகி எடுத்தாள். அதன்மேல் தூசி கம்பளித்துணி மாதிரி படிந்திருந்தது. காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். உள்ளே அறுந்த கம்பி மெல்லக் கிணுகிணுத்தது.

எத்தனை மாதமாய் எரியாமல் இருந்ததோ; அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. சமையலறை இழுப்பறையில் புதுப் பல்பு ஒன்று இருந்தது; கொண்டுவந்து போட்டாள். வெளிச்சம் திண்டின்மேலும், நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளின்மேலும் பளிச்சென்று விழுந்தது. அணைக்காமல், கதவையும் சாத்தாமல் விட்டுவிட்டு, ஸ்லாவ்கா பாத்திரம் கழுவப் போனாள்.